லண்டன்–சூரிச்: தூரம் 788 கி.மீ., நேரம் மட்டும் ஏன் 1 மணி 45 நிமிடம்?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சூரிச் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் 788 கி.மீ. இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகின்றன. வகுத்தால் 57 நிமிடம் வருகிறது. டிக்கெட்டிலோ 1 மணி 40 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடம் வரை போட்டிருக்கும். மீதி முக்கால் மணி நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், ஐரோப்பாவில் எந்த இரண்டு ஊருக்கும் பயண நேரத்தை நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

லண்டன்–சூரிச்சை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இரண்டு பக்கமும் ஈழத்தமிழர் குடும்பங்கள் நிறைய. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தேர்த்திருவிழா என்று போக்குவரத்து ஓயாத தடம் இது. நாடு மாறுகிறது, கடிகாரம் மாறுகிறது, கடலும் குறுக்கிடுகிறது. ஆகவே ஐரோப்பியப் பயணக் கணக்கில் வரும் சிக்கல்களை எல்லாம் இந்த ஒரே தடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில், எந்தத் தூரம்?

இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத எண்கள் வரும். எல்லாமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு எதையோ அளக்கிறது. லண்டன் நகர மையத்திலிருந்து சூரிச் நகர மையம் 776 கி.மீ. ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே இருப்பதால் அங்கிருந்து 788. லண்டனின் கிழக்குப் பக்கம் இருக்கும் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஏறினால் சுமார் 760. காரில் போனால் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தைத் தாண்டி, கலே, ரெய்ம்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், பாசல் வழியாக ஏறக்குறைய 1,000 கி.மீ. ஆகும்.

அலகும் குழப்பும். 788 கி.மீ. என்பது 490 மைல். விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் கடல் மைலில் பேசுவார்கள், அதில் இது 425. கடல் மைல் ஒன்று 1.852 கி.மீ., சாலை மைல் ஒன்று 1.609 கி.மீ. எங்காவது 425 என்று பார்த்து, அதைச் சாலை மைல் என்று நினைத்துப் பெருக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் குறைந்துவிடும்.

வான்வழித் தூரத்தை யாரையும் கேட்காமல் நாமே கணக்கிடலாம். ஒரு சாதாரணக் கால்குலேட்டர் போதும். ஹீத்ரோ வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.45 பாகை. சூரிச் வடக்கு 47.46 பாகை, கிழக்கு 8.55 பாகை.

வடக்கு–தெற்கு வித்தியாசம் 4.01 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை பூமியில் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய 111.2 கி.மீ. ஆக 4.01 × 111.2 = 446 கி.மீ.

கிழக்கு–மேற்கில்தான் கவனம் வேண்டும். தீர்க்கரேகைகள் வடதுருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிவிடும். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அகலம் இருக்கும் ஒரு பாகை, இந்தப் பகுதியில் 72 கி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. எவ்வளவு சுருங்கும் என்பதைக் கோசைன் சொல்லும். இரண்டு ஊருக்கும் நடுவான அட்சரேகை 49.47 பாகை, அதன் கோசைன் 0.65. ஆக ஒரு பாகை 111.2 × 0.65 = 72.3 கி.மீ. ஒரு ஊர் மேற்கிலும் மற்றது கிழக்கிலும் இருப்பதால் 0.45ஐயும் 8.55ஐயும் கூட்ட வேண்டும்: 9 பாகை. 9 × 72.3 = 651 கி.மீ.

இனிப் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். 446இன் வர்க்கத்தையும் 651இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 789. சரியான விடை 788. ஒரு கிலோமீட்டர்தான் பிசகு.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். மேற்கு, கிழக்கைக் கவனிக்காமல் 8.55இலிருந்து 0.45ஐக் கழித்துவிட்டால் விடை 736 ஆகிவிடும். இரண்டாவது இன்னும் மோசமானது. கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருந்தால் 49.47இன் கோசைன் 0.70 என்று காட்டும். பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் விடை 830ஐத் தாண்டிவிடும். கணக்கைத் தொடங்குமுன் 60இன் கோசைனைத் தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது.

இந்தக் குறுக்குவழி பூமியைத் தட்டையான துணி போல எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் கி.மீ. வரை பெரிய பாதகம் இல்லை. லிஸ்பன்–ஹெல்சிங்கி போன்ற நீண்ட தடத்தில் பிசகு தெரியும்: இந்த முறையில் சுமார் 3,434 வரும், உண்மையான தூரம் 3,365க்கு அருகில். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி எது என்று பார்க்க ஒரு சாத்துக்குடியில் இரண்டு குண்டூசி குத்தி, நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் போதும். நூல் படியும் வழிதான் அது. அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான வரைபடத்தில் அதுவே வளைந்து தெரியும். விமானம் சுற்றிப் போகிறது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

நேரம்: எங்கிருந்து எங்கே வரை?

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் வரையான நேரம்தான் அது. இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே ‘பிளாக் டைம்’. கால அட்டவணை முழுக்க இதை வைத்துத்தான் போடுகிறார்கள்.

லண்டன்–சூரிச் பயணத்தை அப்படித் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

விமானத்தைப் பின்னால் தள்ளி, இன்ஜினைக் கிளப்பி, ஓடுபாதை வரை உருட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று கிளம்ப ஹீத்ரோவில் 20 நிமிடம் சாதாரணமாக ஆகும். இரண்டே ஓடுபாதைகள், ஆண்டுக்குக் கிளம்புவதும் இறங்குவதும் சேர்த்து 4,80,000 என்ற உச்சவரம்பு, அந்த வரம்பை ஒட்டியே ஓடும் போக்குவரத்து. உங்களுக்கு முன்னால் ஏழெட்டு விமானம் நிற்பதெல்லாம் அங்கே புதிதல்ல.

அடுத்து ஏற்றம். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். அதனால் ஆண்டின் பெரும்பகுதி, ஏறக்குறைய பத்தில் ஏழு நாள், ஹீத்ரோவில் எல்லா விமானமும் மேற்கு நோக்கியே எழும்பும். சூரிச்சோ தென்கிழக்கில் இருக்கிறது. ஆக முதல் சில நிமிடம் போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறந்து, பிறகுதான் திரும்ப வேண்டும். பொதுவாக 10,000 அடி வரை 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டியதும் வேகம் கூடும். 35,000 அடியை எட்ட 20 நிமிடமும் 200 கி.மீ.யும் ஆகிவிடும்.

இறக்கமும் அப்படியே. விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: உயரத்தை ஆயிரம் அடியில் எடுத்து மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்று வரும். 35 × 3 = 105. வேகத்தைக் குறைக்க இன்னும் பத்து, பன்னிரண்டு சேர்த்தால் கிலோமீட்டரில் 215க்குப் பக்கம். நேரம் 25 நிமிடம். இன்னும் பிரான்ஸ் வானத்தைத் தாண்டாதபோதே இன்ஜின் சத்தம் குறைந்து விமானம் இறங்க ஆரம்பித்துவிடுவது இதனால்தான்.

நேர்கோட்டில் 788 கி.மீ. என்றாலும், கிளம்பும் வளைவு, வான்வழித் தடத்தின் கோணல், இறங்கும் சுற்று எல்லாம் சேர்ந்து பறக்கும் பாதை சுமார் 850 கி.மீ. ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஏற்றம் 200, இறக்கம் 220 போனால், முழு வேகத்தில் மட்டமாகப் பறப்பது 430 கி.மீ. மட்டுமே. மணிக்கு 830 வேகத்தில் 31 நிமிடம். பாதை முழுவதிலும் பாதித் தூரம்தான் இது. இறங்கியபின் சூரிச்சில் நிற்கும் இடம் வரை உருண்டு போக 7 நிமிடம்.

கூட்டினால் 20 + 20 + 31 + 25 + 7 = 103 நிமிடம். 1 மணி 43 நிமிடம். டிக்கெட்டோடு ஒத்துப்போகிறது.

103 நிமிடத்தில் 31 நிமிடம் மட்டுமே முழு வேகம் என்பதை மனதில் வைத்தால் பல விஷயம் தானாக விளங்கும். தாமதமாகக் கிளம்பிய விமானம் ‘வேகமாக ஓட்டி’ நேரத்தைப் பிடித்துவிடும் என்று பயணிகள் நம்புகிறார்கள். மாக் 0.78இலிருந்து (ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு) 0.80க்கு ஏற்றினாலும் 31 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது, எரிபொருள்தான் கூடும். நேரத்தைப் பிடிப்பது பெரும்பாலும் வேறு வகையில்: கட்டுப்பாட்டாளர் தரும் குறுக்குவழி, வரிசை குறைவான ஓடுபாதை, அட்டவணையிலேயே விமான நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் உபரி நிமிடங்கள். அறிவித்த நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘சரியான நேரம்’ என்றே இந்தத் துறையில் கணக்கு.

மற்ற தடங்களுக்கும் இதே முறை செல்லும். தூரம் மாறினாலும் ஓடுபாதை வரிசை, ஏற்றம், இறக்கம், உருண்டு போவது ஆகியவை பெரிதாக மாறாது. ஐரோப்பாவுக்குள் ஒரு தோராயமான கணக்கு வேண்டுமானால் வான்வழித் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, அதோடு 40 அல்லது 45 நிமிடம் கூட்டுங்கள். லண்டன்–ரோம் சுமார் 1,445 கி.மீ. வகுத்தால் 108 நிமிடம், கூட்டினால் இரண்டரை மணி. அட்டவணையில் இருப்பதும் அதுதான்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்

ஐரோப்பாவின் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். குளிர்காலத்தில் அது மணிக்கு 180 கி.மீ. வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சூரிச் தென்கிழக்கில் இருப்பதால் அதன் முழு வலுவும் நமக்குச் சேராது, சுமார் 150 கி.மீ. சேரும். போகும்போது 830உடன் 150 கூடி 980, அப்போது 430 கி.மீ. தாண்ட 26 நிமிடம். திரும்பும்போது 150 கழிந்து 680, அதே தூரத்துக்கு 38 நிமிடம். மட்டமாகப் பறக்கும் பகுதியில் மட்டும் 12 நிமிட வித்தியாசம். காற்று அடங்கிய கோடை நாளில் இது தெரியவே தெரியாது.

திரும்பும் பயணத்தில் இன்னொரு தடை ஹீத்ரோவே. அதைச் சுற்றி பாவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்று நான்கு காத்திருப்பு இடங்கள் வானத்தில் இருக்கின்றன. இறங்க முறை வரும் வரை விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில், நீள்வட்டமாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். மேலே இருப்பது அடுக்கடுக்காக இறங்கி வந்து, அடியில் இருப்பது ஓடுபாதைக்குப் போகும். தென்கிழக்கிலிருந்து வரும் சூரிச் விமானத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது பிகின். ஜன்னலில் அதே வயல், அதே சாலை மூன்றாவது தடவை தெரிந்தால் பதற வேண்டியதில்லை, எட்டு நிமிடம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கும் சேர்த்துத்தான் திரும்பும் அட்டவணையில் ஐந்து, பத்து நிமிடம் அதிகம் போட்டிருக்கிறார்கள்.

சூரிச்சில் விஷயம் வேறு. அந்த விமான நிலையம் ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிறது. வடக்கிலிருந்து இறங்கும் விமானம் ஜெர்மன் கிராமங்களின் மேலே தாழப் பறக்க வேண்டும். 2003 முதல் ஜெர்மனி விதித்த கட்டுப்பாட்டின்படி வார நாட்களில் இரவு 9 முதல் காலை 7 வரையும், வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் காலை 9 வரையும் அந்த வழி இல்லை. அதிகாலையில் தெற்கிலிருந்தும், இரவில் கிழக்கிலிருந்தும் இறங்க வேண்டும். லண்டனிலிருந்து வரும் விமானம் வடமேற்கிலிருந்து வருகிறது. பகலில் அது நேராக இறங்கிவிடும். இரவு 9 மணிக்கு மேல் வந்தால் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய்த் திரும்ப வேண்டும். பகல் விமானத்துக்கும் கடைசி விமானத்துக்கும் சில நிமிடம் வேறுபடுவதில் இதற்கும் பங்குண்டு.

கிளம்பும் நேரத்தைத் தள்ளும் காரணங்களில் பயணிகளுக்குப் புரியாமல் போவது ‘சிலாட்’. போகும் வழியில் ஏதோ ஒரு வான்பகுதியில் நெரிசல், புயல், அல்லது பிரான்சில் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் என்றால், ஐரோப்பிய வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கும், பிரஸ்ஸல்ஸிலுள்ள யூரோகன்ட்ரோல் அமைப்பு ஒவ்வொரு விமானத்துக்கும் கிளம்பும் நேரம் குறித்துக் கொடுக்கும். குறித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்பு வரை கிளம்பலாம். அதைத் தவறவிட்டால் புது நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு பயணி கடைசி நேரத்தில் வராமல் போய், அவருடைய பெட்டியைத் தேடி இறக்க பத்து நிமிடம் ஆனால், முழு விமானமும் ஒரு மணி நேரம் நிற்க நேர்வது இப்படித்தான். குளிர்காலக் காலையில் சிறகில் படிந்த உறைபனியைச் சூடான திரவம் தெளித்து நீக்கவும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரக் கணக்கு

சூரிச் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடை நேரத்துக்கு மாறுவதும் திரும்புவதும் இரண்டு நாட்டிலும் ஒரே நொடியில், மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று நடப்பதால் இந்த ஒரு மணி நேரம் ஆண்டு முழுவதும் மாறாது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. லண்டனில் காலை 9 மணிக்குக் கிளம்பினால் சூரிச்சில் 11:45. இரண்டே முக்கால் மணிப் பயணம் என்று தோன்றும். சூரிச்சில் 12:30க்குக் கிளம்பினால் லண்டனில் 1:20. வெறும் 50 நிமிடம்தான் என்று தோன்றும். இரண்டுமே தோற்றம்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லும்போது சூரிச் நேரத்தோடு கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி கூட்டிச் சொல்லுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால்

விமானத்தில் 1 மணி 45 நிமிடம் என்றாலும் பயணம் அவ்வளவில் முடியாது. மத்திய லண்டனிலிருந்து ஹீத்ரோ போக முக்கால் மணி. இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். சூரிச்சில் இறங்கி வெளியே வர 40 நிமிடம், அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு ரயில் 10, 12 நிமிடம்தான், காத்திருப்போடு 20. மொத்தம் ஐந்தரை மணி நேரம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத நாடுகளின் ஷெங்கன் பகுதியில் 2008 முதல் இருக்கிறது. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. அதனால் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் பிரிட்டன் விசா இருந்தாலும் அது சூரிச்சுக்குச் செல்லாது, ஷெங்கன் விசா தனி. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளில் வெளியாரின் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை படிப்படியாக வந்திருப்பதால், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களும் அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்குவது நல்லது.

ரயிலில் போனால்? லண்டன்–பாரிஸ் 2 மணி 20 நிமிடம், பாரிஸில் கார் து நோரிலிருந்து கார் து லியோனுக்கு மாற வேண்டும், அங்கிருந்து சூரிச் 4 மணிக்குச் சற்று மேல். சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் எட்டரை மணி. விமானம் மூன்று மணி நேரம் மிச்சப்படுத்துகிறது, அவ்வளவே. லண்டன்–பாரிஸ் போன்ற 345 கி.மீ. தடத்தில் விமானத்தின் ஆதாயம் முழுக்கக் கரைந்து ரயிலே முந்திவிடும்.

ஊர்ப் பெயரை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். மலிவு டிக்கெட்டில் பாரிஸ் என்று போட்டிருக்கும் பொவே பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. பிராங்பர்ட் ஹான், பிராங்பர்ட்டிலிருந்து சாலை வழி 120 கி.மீ. விமான நேரம் பத்து நிமிடம் குறைந்து பேருந்து நேரம் ஒன்றரை மணி கூடும். டிக்கெட் வாங்குமுன் ஊர்ப் பெயரைவிட விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள்.

தூரத்துக்குப் பண மதிப்பு உண்டு

பெருவட்டத் தூரம் வெறும் ஆர்வத்துக்கான எண் இல்லை. விமான நிறுவனத்தின் பொறுப்பால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தரவேண்டிய இழப்பீட்டை அந்தத் தூரத்தை வைத்துத்தான் சட்டம் நிர்ணயிக்கிறது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு 1,500 கி.மீ. வரை 220 பவுண்டு, அதற்கு மேல் 3,500 வரை 350 பவுண்டு. லண்டன்–சூரிச்சுக்கு 220. ரோமுக்கும் 220தான். லிஸ்பன் சுமார் 1,565 கி.மீ. என்பதால் 350. புயல், கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை.

அந்த மூன்று மணி நேரத்தை எதிலிருந்து அளப்பது என்பதில் வழக்கு நடந்து, 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்துவைத்தது. சக்கரம் தரையைத் தொட்ட நேரமும் அல்ல, முட்டுக்கட்டை வைத்த நேரமும் அல்ல. பயணிகள் இறங்க விமானத்தின் ஒரு கதவாவது திறக்கப்பட்ட நேரம்தான் வந்து சேர்ந்த நேரம். அட்டவணையில் 11:45 போட்டிருக்கும் விமானம் பிற்பகல் 2:41க்குத் தரையிறங்கி, உருண்டு வந்து, 2:48க்குக் கதவைத் திறந்தால் தாமதம் 3 மணி 3 நிமிடம். கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் அந்த நிமிடம் அதிலேயே பதிந்திருக்கும்.